லாலிபாப்பை நக்கியது நான்தான்

மாடி அறை,
ஹாலிஃபாக்ஸ்.
செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு (நான் சாப்பிடவில்லை)

அன்பும் மரியாதையும் நிறைந்த பெவர்லி அக்காவுக்கு, உன் தம்பி ரஸல் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே என் வீட்டுக்காரி லொரெய்ன் சுகம், எங்கள் பெண் ஐவி சுகம், நான் சுகமில்லை. அங்கே நீ சுகமா என்பதுதான் இந்தக் கடிதத்தின் மொத்த விஷயமும். வழக்கமாக மழையைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுத்தான் நான் பேச்சுக்கே வருவேன், உனக்குத் தெரியும். இந்தத் தடவை மழையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதப்போவதில்லை (பெய்துகொண்டிருக்கிறது). நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார். உட்கார்ந்துவிட்டாயா? சரி, இப்போது எழுந்து போய் உன் மருத்துவச்சிக்குப் போன் பண்ணு. எனக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் வீட்டு வாசலில் உன்னைக் கட்டிப்பிடித்தேன். குழந்தை உதைக்கிறது என்று நீ சொன்னதும் உன் வயிற்றில் காது வைத்துக் கேட்டேன். உன் கரண்டியில் சூப்பை ருசி பார்த்து, உப்புப் போதும் என்று அதே கரண்டியை உன் கையில் கொடுத்தேன். புள்ளி வெளியே தெரிவதற்கு முன்னாலேயே அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோயாம் இது. உனக்குச் சின்னம்மை வந்ததே கிடையாது அக்கா. வந்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எப்படித் தெரியும் என்று கேட்காதே, கீழே எழுதியிருக்கிறேன், முதலில் போன் பண்ணு.

ஏன் நீயே போன் பண்ணித் தொலைக்கவில்லை என்று கேட்பாய். பண்ணினேனே! விடிந்ததிலிருந்து அதுதான் வேலை. நீ எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பாட்டு மேஜையிலிருந்து பாதியில் எழுந்து போனதற்குக் கோபம் என்று தெரியும், நியாயமான கோபம், அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். உன் வீட்டில் எடுத்ததெல்லாம் அந்தப் பதிவு இயந்திரம்தான். “பீப் சத்தத்துக்குப் பிறகு விஷயத்தைச் சொல்லவும்” என்று கீத் அத்தான் குரல். நானும் சொன்னேன். “வணக்கம் அத்தான், நான் ரஸல் பேசறேன், எப்படி இருக்கீங்க, தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும், ஒண்ணும் பெரிய விஷயமில்ல, பதறாதீங்க, தக்காளிச் செடியெல்லாம் எப்படி இருக்கு, இங்க கொஞ்சம்…” என்று வருவதற்குள் பீப் என்று வெட்டிவிட்டது. மறுபடி பண்ணினேன். இந்தத் தடவை தக்காளியை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் முந்தின செய்தியில் பாதியில் நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்காமல் எப்படி ஆரம்பிப்பது? அதைக் கேட்டு முடிப்பதற்குள் மறுபடி பீப். இப்படியே போய், கடைசியில் இயந்திரம் ‘இனி இடமில்லை’ என்று சொல்லிவிட்டது. ஆக உன் வீட்டில் என் குரல் நிறைய இருக்கிறது, விஷயம் மட்டும் இல்லை.

பிரசவ ஆஸ்பத்திரிக்கும் பண்ணிப் பார்த்தேன். ஒரு பெண் எடுத்தாள். “நீங்கதான் கர்ப்பிணியா?” என்று கேட்டாள். என் குரலைக் கேட்ட பிறகும் கேட்டாள். “இல்லீங்க, என் அக்கா” என்றேன். “அப்ப அவங்களையே பேசச் சொல்லுங்க.” “அவங்க என்கூடப் பேச மாட்டேங்கறாங்களே!” “அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க, அது எங்க பிரிவுல வராது” என்று சொல்லி வைத்துவிட்டாள். நானே காரை எடுத்துக்கொண்டு யார்க்குக்கு வந்து உன் கதவைத் தட்டலாம் என்று சாவியைக்கூட எடுத்துவிட்டேன். கடவுளே, நான் வருவதுதானே ஆபத்து! சாவியைத் திரும்ப மாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தேன். லொரெய்னுக்கு விடியற்காலை ஷிப்ட், பஸ் ஓட்டும்போது போனைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும், சாயங்காலம்தான் வருவாள். அவள் கிளம்பிப் போன பிறகு சவரம் செய்யலாம் என்று கண்ணாடியைப் பார்த்தபோதுதான் கழுத்தில் முதல் கொப்புளத்தைப் பார்த்தேன்.

இனி ஆதியிலிருந்து சொல்கிறேன். இது எல்லாமே உன் குழந்தைக்காகச் செய்ததுதான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படி. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, இரண்டு தடவை கையில் வந்தது நழுவிப்போய், நீ அழுது நான் பார்த்து, இப்போதுதான் ஒரு நல்ல செய்தி நிலைத்திருக்கிறது. பிறந்ததும் ஐவிதான் முதலில் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள் என்று நீயே சொன்னாய். அன்றைக்கே எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஐவிக்கு இன்னும் சின்னம்மை வரவில்லை. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறது. அங்கே எவனிடமிருந்தாவது வாங்கிக்கொண்டு வந்து பச்சைக் குழந்தை முகத்தில் முத்தம் கொடுத்தால்? தீ எச்சரிக்கை மணிகளைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு, நெருப்பு இல்லாத இடத்திலும் எனக்குப் புகை நாறும், தெரியாதா உனக்கு? ஆகவே குழந்தை பிறப்பதற்குள் ஐவிக்கு அது வந்து போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஊசி போட்டிருக்கலாமே என்பாய். மருந்துக்கடை ரஹ்மானும் அதைத்தான் சொன்னார். “சார், ஊசி இருக்கு, கூட்டிட்டு வாங்க, ரெண்டு தடவை போட்டா முடிஞ்சுது” என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இயற்கையாக வருவதுதான் நல்லது என்று வீட்டில் பெரிய பிரசங்கம் செய்தேன். இயற்கையாவது மண்ணாவது! ஐவி கைக்குழந்தையாக இருந்தபோது முதல் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனேனே, நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்ததும் நான் தரையில் கிடந்தேன். குழந்தையை மேஜையில் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் என்னைத் தூக்கினார்கள். அதிலிருந்து ஊசி என்ற வார்த்தையைக் கேட்டாலே காதுக்குள் கொய்ங் என்கிறது. அப்படியிருந்த சமயத்தில்தான் நடாஷா அழைத்தாள். ஐவியோடு பாலர் பள்ளியில் படிக்கும் பார்னியின் அம்மா. பார்னிக்குச் சின்னம்மை, சனிக்கிழமை விருந்து, யார் யாருக்கு வேண்டுமோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். வராதவர்கள் கேக்காவது செய்து அனுப்பலாமாம். நான் உடனே வருகிறோம் என்று பதில் போட்டுவிட்டேன். லொரெய்னிடம் சொன்னபோது அவள் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, “நீ வர்றோம்னு சொல்லிட்டியா? சொல்லிட்டா போய்த்தானே ஆகணும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்போதே அந்த முகத்தைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

விருந்து என்றால் விருந்துதான். வாசலில் பலூன். உள்ளே தேநீர், வெள்ளரிக்காய் சாண்ட்விச், மேலே சிவப்புப் பொட்டு வைத்த கேக். பார்னி உடம்பெல்லாம் கொப்புளத்தோடு அரைக்கால்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான், ராஜா தோற்றான் போ. பெற்றவர்கள் எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்து சாலையில் நடக்கும் பள்ளம் தோண்டும் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தரும் பார்னியை நேராகப் பார்க்கவில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளையின் புண்ணை உற்றுப் பார்ப்பது மரியாதையா? ஒரு அம்மா மட்டும், “நல்லாவே வந்திருக்கு இல்ல?” என்றாள். “ஆமா, முதுகுல இன்னும் நல்லா வந்திருக்கு” என்று நடாஷா பெருமையாகச் சொன்னாள். அப்புறம் விளையாட்டு. பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும், பாட்டு ஓடும், ஒரு லாலிபாப் கைமாறும், பாட்டு நிற்கிறபோது யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு நக்கு நக்கிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். முதல் நக்கு பார்னிக்கு. அடுத்தது ஐவி.

ஐவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அது அவனோடது” என்றாள். “இல்லடா கண்ணு, எல்லாரோடதும், ஒரு தடவை நக்கிட்டு குடு” என்றேன். “எச்சில். மத்தவங்க எச்சில் சாப்பிடக்கூடாதுன்னு நீதானே சொன்னே?” “இன்னிக்கு மட்டும் சாப்பிடலாம்.” “ஏன் இன்னிக்கு மட்டும்?” பிறந்ததிலிருந்து கையைக் கழுவு, வாயை மூடி இருமு, அடுத்தவன் கோப்பையில் குடிக்காதே என்று மண்டையில் ஏற்றி வைத்தது நான்தான். கடையில் தள்ளுவண்டியின் கைப்பிடியைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள் என் பெண். பார்னி ஊதிய விசிலை நீட்டினார்கள். அவள் என் பையிலிருந்து ஈரத் துணியை எடுத்து விசிலை முன்னும் பின்னும் துடைத்துவிட்டு, நன்றி சொல்லி, ஊதாமல் திருப்பிக் கொடுத்தாள். சுவரோரம் இருந்தவர்கள் எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். நடாஷா, “பரவாயில்ல, பரவாயில்ல, கூச்சம்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பு கூசியது. ஆசையாகக் கூப்பிட்டவள் கொடுத்த நோயை நாம் வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே! ஆகவே, ஐவிக்கு எப்படி என்று காட்டுவதற்காக, அக்கா, அந்த லாலிபாப்பை நான் நக்கினேன். “பார்த்தியா, எவ்வளவு இனிப்பு!” என்றேன். விசிலையும் ஊதிக் காட்டினேன். பார்னி மிச்சம் வைத்த ஆரஞ்சு ரசத்தையும் மடக் மடக்கென்று குடித்துக் காட்டினேன். எனக்கென்ன பயம், எனக்குத்தான் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டதே! எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு அப்பா, “இதல்லவா ஈடுபாடு” என்றார். ஐவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இரண்டு வாரம் காத்திருந்தோம். தினமும் குளிக்கவைக்கும்போது ஐவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு பொட்டு இல்லை. ஒருநாள் தோளில் சிவப்பாக ஒன்றைப் பார்த்து லொரெய்னைக் கத்திக் கூப்பிட்டேன், அவள் வந்து எச்சில் தொட்டுத் துடைத்தாள், ஜாம். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரும்போது இந்தக் கவலையோடுதான் வந்தேன். அதனால்தான் மேஜையில் அந்தப் பேச்சை எடுத்தேன். நான் விருந்துக்குப் போன கதையைச் சொன்னதும் நீ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “நீயா? நீயே போனியா?” என்று கேட்டாய். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். “இனிமே இதுக்கெல்லாம் நீ போகாதே, லொரெய்னை அனுப்பு” என்றாய். ஒரு அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாலு இடம் போகக்கூடாதா, நான் என்ன கையாலாகாதவனா என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கத்திவிட்டேன். நீயும் லொரெய்னும் சமையலறைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினீர்கள். என்னைப் பற்றித்தான் என்று நினைத்துக் காரில் போய் உட்கார்ந்துவிட்டேன். வீடு வரும் வரை தலைவலி. அது கோபத்தில் வந்த தலைவலி என்று நினைத்தேன் அக்கா, அது காய்ச்சல்.

இன்று காலை அந்தக் கொப்புளத்தைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. இதெப்படி, ஒருமுறை வந்தால் மறுபடி வராதே? ஃபைலி கடற்கரையில், டாட்டி அத்தையின் காரவன் வண்டியில் ஒரு வாரம் தங்கினோமே, மூன்றாம் நாளே நீயும் நானும் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளியாகி, அம்மா நம்மைத் தலையிலிருந்து கால் வரை ரோஸ் மருந்து பூசி ஜன்னலோரம் உட்கார வைத்தாளே! ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா சொல்லி, டாட்டி அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்ளும் கதை. நமக்கெல்லாம் வந்தாச்சு என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோமே! எனக்கு இன்று வந்திருக்கிறது என்றால், அன்று வந்தது சின்னம்மை இல்லை. அன்று எனக்கு வந்தது சின்னம்மை இல்லையென்றால், பக்கத்துப் படுக்கையில் உனக்கு வந்ததும் இல்லை. இந்தக் கணக்கு மண்டையில் உறைத்த நொடியில் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிரிட்லிங்டனில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். “அம்மா, காரவன்ல எங்களுக்கு வந்தது நிஜமாவே சின்னம்மைதானா?” என்று கேட்டேன். அம்மா முதலில் ரேடியோவைக் குறைத்தாள். அப்புறம், “அதுல என்னடா சந்தேகம்? சின்னம்மைதான். நல்ல சின்னம்மை. யாரு உங்கிட்ட என்ன சொன்னா? டாட்டி உன் வீட்டுக்கு வந்தாளா?” என்று வேகமாகக் கேட்டாள். “இல்லம்மா, எனக்கு இப்ப…” என்று ஆரம்பித்தேன். “கெட்டில் கொதிக்குது, வெச்சிடறேன்” என்று வைத்துவிட்டாள். அம்மாவின் கெட்டில் மின்சாரக் கெட்டில் அக்கா, கொதித்தால் தானாகவே நின்றுவிடும்.

ரஹ்மானுக்குப் போட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். எனக்கு டாக்டரிடம் பேசி இன்றே மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னார், பெரியவர்களுக்கு வந்தால் நெஞ்சில் இறங்கலாமாம், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். டாக்டரிடம் பேசிவிட்டேன், மாத்திரை வருகிறது. என்னை விடு. “என் அக்கா கர்ப்பமா இருக்காங்க, அவங்களுக்கு அம்மையே வந்ததில்ல, என்ன ஆகும்?” என்று கேட்டேன். பதறாதீர்கள், ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, தேவையானால் மருந்து கொடுப்பார்கள், ஆனால் தாமதிக்கக்கூடாது என்றார். அப்புறம், “ஐவிக்கு இன்னும் வரலியே, அது ஏன்?” என்று கேட்டேன். அவருக்கு இருமல் வந்தது. “நீங்க… உங்க மனைவி வந்ததும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுங்க சார்” என்றார். இதில் லொரெய்ன் என்ன செய்வாள்? அவள் பஸ் ஓட்டுகிறவள்.

இதற்குள் இன்னொரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். பார்னிக்கு வந்தது நிஜமாகவே சின்னம்மைதானா என்று தெரிந்துகொள்ள நடாஷாவைக் கூப்பிட்டேன். எனக்கு வந்திருக்கிறது என்று சொன்னேனோ இல்லையோ, “ஐயோ, வாழ்த்துக்கள்!” என்றாள். “பார்னிகிட்ட இருந்து போன தடவை நிறைய பேருக்கு ஒட்டவே இல்ல. நீங்க புதுசா இருக்கீங்க. நாளைக்கு மத்தியானம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரலாமா? நீங்க சும்மா சோபாவுல படுத்திருந்தா போதும், உங்க போர்வையை மட்டும் பிள்ளைங்க போர்த்திக்கும்.” முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன் அக்கா. சத்தியமாகத் திறந்தேன். “வாங்க வாங்க, கேக் நான் பண்றேன்” என்றுதான் வந்தது.

நடுவில் ஐவி மூன்று முறை மாடிப்படியில் ஏறி வந்து கதவருகே நின்று எட்டிப் பார்த்துவிட்டாள். எனக்குத்தான் வந்துவிட்டதே, எனக்கு வந்ததை இவளாவது வாங்கிக்கொள்ளட்டும், இத்தனை கூத்துக்கும் ஒரு பலன் இருக்கட்டும் என்று கையை விரித்து, “வாடா கண்ணு, அப்பாவைக் கட்டிப்பிடி” என்றேன். “மாட்டேன். நோயாளிங்க பக்கத்துல போகக்கூடாது” என்று சொல்லி, ஒரு கோப்பைத் தண்ணீரை வாசற்படியில் வைத்துவிட்டுக் காலால் உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு கீழே போய்க் கை கழுவும் பாட்டைப் பாடிக்கொண்டே கை கழுவும் சத்தம் கேட்டது.

அக்கா, நான் பேசத் தெரியாதவன், எழுதினாலும் வளவள என்றுதான் எழுதுவேன். உன் குழந்தைக்கு ஏதாவது ஆனால் நான் அதற்கப்புறம் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? உன் குழந்தையைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பி, காது வைத்து அதன் உதையைக் கேட்ட அதே நிமிஷத்தில் இந்தச் சனியனை அதனிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். காலையிலிருந்து இந்த ஒரு நினைப்புதான் மாறி மாறி வருகிறது. என்னைத் திட்டு, அடி, கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடாதே, ஆனால் தயவுசெய்து உடனே போய் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடு. உன்னை ஊசி குத்திக்கொள்ளச் சொல்லும்போது எனக்குத் தலை சுற்றவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

கீத் அத்தானுக்கு என் வணக்கம். அவர் பதிவு இயந்திரத்தை நிரப்பியதற்கு என் வருத்தத்தைச் சொல்லவும். நீயும் உன் குட்டியும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். வயிற்றில் இருக்கும் குட்டிக்கு மாமாவின் முத்தம், தூரத்திலிருந்து, வாயை மூடிக்கொண்டு.

என்றும் உன் தம்பி,
ரஸல்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற சமயத்தில் லொரெய்ன் வேலையிலிருந்து வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்து, “அடப்பாவி, இது எப்படி? உனக்குத்தான் சின்ன வயசுலயே வந்தாச்சே!” என்று கத்தினாள். நான் கடிதத்தை நீட்டினேன். சீருடையைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். லாலிபாப் வரும் இடத்தில் சிரித்தாள். உன் பெயர் வரும் இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, “பெவர்லிக்கு ஒண்ணும் ஆகாது, முதல்ல நீ மூச்சு விடு” என்றாள். அதற்கப்புறம் அவள் உன்னைப் போனில் கூப்பிட்டதும் நீ முதல் மணியிலேயே எடுத்ததும் (என் செய்திகளை நான் மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்ப்பதாக நினைத்தாயாமே!) நீ சொன்னதும் உனக்கே தெரியும். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து அது எப்படிக் கேட்டது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே உன்னைச் சோதித்து, உனக்கு அம்மை வந்ததே இல்லை என்று சொல்லி, அப்போதே இரண்டு ஊசியும் போட்டுவிட்டார்களாம். நீ அம்மாவிடம் போய்க் கேட்டபோது, “டாட்டி காசே வாங்காம காரவனைக் குடுத்தா. உள்ள முழுக்க தெள்ளுப்பூச்சின்னு அவ மூஞ்சிக்கு நேரா எப்படிடி சொல்றது? சின்னம்மைன்னுட்டேன்” என்றாளாம். டாட்டி அத்தை உயிரோடு இருக்கும் வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். என்னிடம் சொன்னால் நான் தூங்க மாட்டேன் என்று நீயும் சொல்லவில்லை. ஐவிக்கு ஊசி போடு என்று மட்டும் நீ சொன்னதைக் கேட்டு லொரெய்ன் ஈஸ்டருக்கு முன்னாலேயே ஐவியை ரஹ்மானிடம் கூட்டிப்போய் இரண்டு ஊசியும் போட்டுவிட்டாளாம். “உங்கிட்ட சொன்னா கூட வருவே, நீ மயங்கி விழுந்தா உன்னைத் தூக்கறதா, அவளைத் தூக்கறதா?” என்று என்னிடமே கேட்கிறாள். அப்புறம் எதற்கு விருந்துக்குப் போகவிட்டாய் என்றேன். “நீ வர்றோம்னு சொல்லிட்டியே. எங்க பொண்ணுக்கு ஊசி போட்டாச்சுன்னு நடாஷாகிட்ட சொன்னா, அவளைவிட நாம உசத்தின்னு காட்டிக்கிற மாதிரி இருக்காதா?” நாளைய விருந்தை மட்டும், வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லி ரத்து செய்துவிட்டாள்.

ஆக ஐவிக்குப் பாதுகாப்பு, உனக்குப் பாதுகாப்பு, உன் குட்டிக்குப் பாதுகாப்பு. குடும்பத்தில் யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாததால் அம்மை வாங்கிக்கொண்டவன் நான் ஒருத்தன்தான். நீ சொல்லி முடித்ததும் போனில் என் சத்தமே வரவில்லை என்று “ஹலோ ஹலோ” என்றாயே, அது லைன் கோளாறு இல்லை. அழுதுகொண்டிருந்தேன். கண்ணீர் பட்டுக் கொப்புளமெல்லாம் எரிந்தது, பரவாயில்லை என்று நன்றாக அழுதேன். ஐவி வந்து பெயிண்ட் பிரஷ்ஷால் எனக்கு ரோஸ் மருந்து பூசிவிட்டாள், இப்போது பக்கத்தில் வரலாம் என்று அவள் அம்மா சொன்ன பிறகு. பூசிக்கொண்டே, “நான் அப்பவே சொன்னேன்ல, அது அவனோடதுன்னு” என்றாள்.

கடைசியாக ஒன்று. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவிடம் மூச்சு விடாதே, பாவம் வருத்தப்படுவாள். டாட்டி அத்தை சற்று முன் போன் பண்ணினாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டாளாம், தேறியதும் கடல் காற்று பட்டால் நல்லது என்று காரவன் சாவியை எங்களுக்குத் தருகிறாளாம். ஒரு வாரம், காசு வேண்டாமாம், உள்ளே அதே மெத்தைதானாம். நாங்கள் போகிறோம். முடியாது என்று எப்படி அக்கா சொல்வது?